மாமா வாங்கிய சிவப்பு மரம்

எங்கள் மாமா ஒரு மரத்துக்கு மஃப்ளர் கட்டியவர். இதை இப்போது சொன்னால் அவருடைய பிள்ளைகளே நம்புவதில்லை. ஆனால் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், ஒரு மாரிகாலம் முழுவதும், அந்த மரம் என்னுடைய பழைய நீல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் கண்டவள்.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது எங்களோடுதான் இருந்தார். மன்னாரில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்; அவர்தான் பிறகு எங்கள் மாமி. இருவரும் நேரில் கண்டது கிடையாது. படங்கள் போய் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் மாமா ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டியபடி அறைக் கதவைச் சாத்திவிடுவார். அவர் அனுப்பியிருந்த படம் ஜேர்மனிக்கு வந்த புதிதில் எடுத்தது. அதில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லி அம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "அவ வரட்டும், பாப்பம்" என்பதுதான் மாமாவின் பதில்.

அப்படியொரு ஞாயிறு, ஜேர்மனியில் எதைப் பார்க்க ஆசை என்று மாமா கேட்டிருக்கிறார். கலண்டரில் கண்ட சிவப்பு இலை மரத்தை என்று மாமி சொல்லியிருக்கிறார். வேறு யாராவது என்றால், வந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லியிருப்பார்கள். மாமா, அது எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் நாங்கள் மரம் வாங்கப் போனோம்.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. மாமாவின் ஜேர்மன் மொழி அவருடைய தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். வெளியுலகத்துக்கு எட்டு வயதுக்காரியான நான்தான் மொழிபெயர்ப்பாளர். செடிக்கடைக்காரர் இரண்டு யப்பானிய மேப்பிள் கன்றுகளைக் காட்டினார். பச்சை இலைக் கன்று முரடு, இந்த ஊர்க் குளிரைத் தாங்கும். சிவப்பு அழகுதான், ஆனால் நோஞ்சான். கிழக்குக் காற்றும், வசந்தத்தில் பிந்தி வரும் உறைபனியும் அதற்கு ஆகாது. எதை வாங்கினாலும் சூடான அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, குளிரில் தூங்கினால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும், தொட்டியை மட்டும் தும்புப் பாயால் சுற்றினால் போதும் என்றார். நான் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். மாமா "யா, யா" என்று தலையாட்டிவிட்டுச் சிவப்பைத் தூக்கினார். தும்புப் பாயை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தென்னந்தும்பைப் போய் ஜேர்மன்காரனிடம் வாங்குவதா என்று ரோசம் வந்துவிட்டது.

காரில் நான் கடைக்காரர் சொன்னதை மீண்டும் நினைவுபடுத்தினேன். "அவன் வெள்ளைக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? இது யப்பான் மரம், எங்கட ஆசியாக்காரன். எங்களுக்கே இந்தக் குளிர் ஏலாது. இது எப்பிடித் தாங்கும்?" என்றார் மாமா. யப்பானில் பனி கொட்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் உறைபனியோடு மரம் வீட்டுக்குள் வந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் அதற்கு இடம், கழுத்தில் என் மஃப்ளர். தை பிறந்ததும் மொட்டையாய் நின்ற கொப்புகளில் சிவப்பு இலைகள் விரிந்தன. அந்த ஞாயிறு சாத்திய கதவையும் தாண்டி மாமாவின் குரல் கேட்டது. ஒவ்வொரு இலையாக வர்ணித்துக்கொண்டிருந்தார். "மரத்துக்கு விசா கிடைச்சிட்டுது, இனிப் பொம்பிளைக்குத்தான்" என்றார் அப்பா.

மாமிக்கும் விசா கிடைத்தது. பாஸ்காப் பெருநாள், அதுதான் ஈஸ்டர், முடிந்து வருவதாக முடிவானது. ஆனால் இலைகள் வெளிறி மெலியத் தொடங்கிவிட்டன. வெயில் போதவில்லையாக்கும் என்று நினைத்த மாமா, பங்குனியில் நன்றாக வெயில் எறித்த ஒரு நாள் மரத்தை முற்றத்தில் வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டார். அன்றிரவு உறைபனி விழுந்தது. விடியத் திரும்பி வந்தபோது எல்லா இலைகளும் அவித்த கீரையாய்த் தொங்கிக்கொண்டிருந்தன.

மாமா வேலை உடுப்போடு வாசற்படியில் இருந்துவிட்டார். "அக்கா, ஒரு மரத்தையே பாக்கத் தெரியாதவன் என்னை என்னெண்டு பாப்பான் எண்டெல்லோ அவ நினைக்கப் போறா" என்றார். மரத்துக்கும் மாமிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்க அழுகை வந்தது. போனில் மாமிக்கு அவர் இதைச் சொல்லவில்லை. முற்றத்தில் காய்ந்து நின்ற மரம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனுக்குள் செழித்துச் சிவந்தது.

பாஸ்கா கழிந்த கையோடு அடித்தண்டில் துளிர்கள் வந்தன. பச்சைத் துளிர்கள். நான் அதைச் சொன்னேன். "சின்னனில அப்பிடித்தான், பிறகு சிவக்கும்" என்று சொல்லி, மேலே காய்ந்திருந்த கொப்பை மாமா வெட்டிவிட்டார்.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் மாமி முதலில் பார்த்தது மாமாவின் தலையைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த பையை மாமாவிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் மாமா மரத்தைக் காட்டி, இலையுதிர்காலத்தில் சிவந்துவிடும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மாமி குனிந்து தண்டில் இருந்த முடிச்சைப் பெருவிரலால் தடவினார். அதற்கு மேலே வெட்டிய அடையாளம், கீழே பச்சைத் துளிர்கள். "வடிவான மரம்" என்றார்.

கோடையில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. இலையுதிர்காலமும் வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லோரும் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். "இஞ்சாருங்கோ, உங்கட மரம் நல்லாச் சிவந்திட்டுது" என்றார் மாமி. மரம் எலுமிச்சம்பழ மஞ்சளில் நின்றது. "மாமி, அது மஞ்சள்" என்று நான் சொல்லி முடிக்க முதல், அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தபோது மாமா தன் தலையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமிக்கு நிறம் தெரியாத வருத்தம் என்றுதான் நான் முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் அதற்கு வைத்தியம்கூடக் கேட்டேன்.

பெரியவளான பிறகு ஒருநாள் மாமியின் தோட்டத்தில் நின்றேன். ரோசாச் செடியின் அடியில் வந்த துளிரை அவர் ஒடித்து எறிந்தார். "ஒட்டுக்குக் கீழ வாறதை விடக்கூடாது. எங்கட ஒட்டுமாவில பாத்திருக்கிறம்தானே, அது வேற மரம்." எனக்கு மேப்பிள் மரம் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அவர் எனக்கெண்டு வைச்சிருந்தது அதைத்தானே" என்றார்.

மாமாவும் ஒட்டுமாமரம் நின்ற வீட்டில் வளர்ந்தவர்தான்; அது வேறு மரம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஞாயிறு முற்றத்தில் நின்றவர்களில் மரத்தின் நிறம் மட்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.