பெரிய வெள்ளியில் கல் நண்டு

என் கணவருக்குச் சீட்டாட்டம் கிடையாது, கள்ளு கிடையாது. கல் நண்டுப் பைத்தியம் மட்டும் உண்டு. பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஒருநாள் சீன மருந்துக் கடையில் கண்வலிக்கு உரைத்துக் கொடுக்க வைத்திருந்த கல் நண்டைப் பார்த்துவிட்டு வந்தார், அன்று பிடித்தது. எந்தக் காலத்திலோ சேற்றில் புதைந்து கல்லாகிப்போன நண்டு நம் தீவில் மட்டும் இல்லாமலா போகும் என்று, ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் பஸ் ஏறுவார்.

அங்கே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் பாறைச் சந்துகளில் குனிந்து தேடுவார். நான் கடலைப் பார்த்தபடி நிற்பேன். பாசியில் வழுக்காமலிருக்க இருவர் செருப்பிலும் சணல் கயிறு சுற்றியிருக்கும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் நான் சொல்ல வேண்டும், அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து வர வேண்டும். இப்படி இரண்டு வருஷம் அலைந்து கிடைத்தது ஒரே ஒரு கொடுக்குத் துண்டு.

முழு நண்டு கண்ணில் பட்டது ஒரு பெரிய வெள்ளியன்று. பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தானே வரும், கடல் வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். கோவிலுக்கு மத்தியானம் போனால் போதும் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். மற்ற நாளில் தண்ணீருக்கடியில் கிடக்கும் இறுகிய சேற்றில், மேலோடும் காலுமாக, உள்ளங்கை அளவு கல் நண்டு. அவர் சுத்தியலை எடுத்தார்.

"என்னங்க, இன்னிக்கா?" என்றேன்.

ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள். எங்கள் வீடுகளில் அன்று யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள்.

"ரெண்டே தட்டுலா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவர் முகம் தொங்கிப்போனது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் சுரண்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. கொண்டை ஊசியை உருவிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து நோண்ட ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த தப்பு, கடலைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. நிமிர்ந்தபோது கரைக்குப் போகும் வழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

"எழுந்திரிங்க!"

"ஒரு நிமிஷம்."

அவர் அசைவதாக இல்லை. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன.

"அப்ப அடிச்சே எடுங்க! சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், அடிங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"வேணாம். அப்புறம் நீ நெனச்சு நெனச்சு வருத்தப்படுவே. வா."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் கரை சேர்த்தார். இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் கோவிலில் சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்யும்போது என் பாவங்களை நினைத்திருக்க வேண்டும். நானோ, மணல் மூடாமல் அந்த நண்டைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்டேன்.

மறுநாள் காலை சுத்தியலோடு போனோம். அலை மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. முழங்கை ஆழம் தோண்டியும் இடம்கூடப் பிடிபடவில்லை. அவர் கையைத் தட்டிக்கொண்டு, "பரவால்லலா, வேற ஒண்ணு கெடைக்கும்" என்று சிரித்தார். நான்தான் பாறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை அந்த நண்டு அவருடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.