தம்பியின் சீட்டில் இருந்த சொல்

இருபது வருடமாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். நோய் ஒரு தடவை வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சுலபமாகச் சமாளித்துவிடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அந்தப் பாடத்தைத்தான் என் தம்பிக்கும் நடத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயல்குடிப் பக்கம் எங்கள் வயலோரப் பனையில் மட்டை வெட்டும்போது, போன வருடம் அவனைக் கதண்டு கொட்டிவிட்டது. குளவியில் பெரிய சாதி அது. உடம்பெல்லாம் தடித்து, கண் மூடிப்போய், இரண்டு நாள் கிடந்தான். எழுந்ததும் ராமநாதபுரம் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினான். நான்தான் நிறுத்தினேன்.

"ஏலே, எதுக்குடா பயப்படுற? ஒரு தரம் தாங்கிட்டேல்ல, இனி ஒடம்புக்குப் பழகிரும். அம்மை வந்தவனுக்குத் திரும்பவா வருது?"

"டீச்சரே சொல்லியாச்சு, அப்புறம் என்னக்கா" என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான்.

இந்தச் சித்திரையில் பயமில்லாமல் ஏறினான். ஒரே ஒரு கதண்டு, கழுத்தில். வேனில் ஏற்றும்போதே மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினோம், உயிர் இல்லை. சீட்டில் அனபிலாக்சிஸ் என்று எழுதிய டாக்டர், "முன்னாடி ஒரு தடவ கொட்டியிருக்குமே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். உயிரையே எடுக்கும் ஒவ்வாமைக்குப் பெயர், கிரேக்க வேரிலிருந்து ஆக்கியது. காவலுக்கு நேர்மாறு என்று பொருள். நூறு வருடத்துக்கு முன்பு, கடல் பிராணியின் நஞ்சைக் கொஞ்சமாக ஏற்றி நாய்களுக்குப் பழக்கிவிடலாம் என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். தாங்கிய நாய்களுக்குச் சில வாரம் கழித்து மறுபடி துளி ஏற்றியதும் அவை சீக்கிரமே செத்துப்போயின. அதற்காக உண்டாக்கிய பெயர். அட கடவுளே, படித்த அவர்களும் என்னைப் போலத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் செத்தது நாய்.

காரியமெல்லாம் முடிந்தபின் தம்பி பெண்சாதி அந்தச் சீட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, இதுல என்ன எழுதியிருக்கு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லின் பொருளை, நாய்களை, டாக்டரிடம் போகவிடாமல் நான் தடுத்ததை. காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருக்கலாம்.

"போன வருசம் நீங்க பழகிரும்னு சொன்னதுக்கு அப்புறந்தான் மதினி, அவுக நிம்மதியாத் தூங்குனாக" என்றாள்.