வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது

செபஸ்தியான் போய்விட்டார் என்று அவருடைய மருமகன் போனில் சொன்னபோது, நான் ஏற்காடு கடைவீதியில் பேரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். என்னைவிட மூன்று வயது இளையவர். வரிசையில் முந்துகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது, இதில் மட்டும் என்னை முந்திக்கொண்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வந்தது பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு.

எங்கள் டெப்போவில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் டிரைவர், நான் கண்டக்டர். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி வாழவந்தி போய்த் திரும்பும் வண்டியில் பதினோரு வருஷம் ஒன்றாக ஓடினோம். வீட்டில் மனைவியோடு பேசியதைவிட அவரோடு சண்டை போட்டதுதான் அதிகம். நியாயம் பேச ஆரம்பித்தால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடியும்வரை விடமாட்டார்.

ஸ்டாப் இல்லாத இடத்தில் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் கை காட்டினால் நிறுத்துவார். ஒருநாள் ஒரு லாட்ஜ் முதலாளி கை காட்டினார், செபஸ்தியான் நிறுத்தாமல் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்டேன். லாட்ஜ்காரருக்கு அடுத்த ஸ்டாப் நூறடி, அந்தப் பெண்களுக்கோ சுமையோடு ஒன்றரை மைல் என்றார். நிறுத்தாவிட்டால் யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்ப்பாராம். இது என்ன கணக்கு என்று நான் கேலி செய்தேன். அன்று சேலம் வரை அதே பேச்சுதான்.

ஆனால் அவர் எடுத்த முடிவு அவரையே உறுத்தும். ஒரு மழை நாளில் செங்குத்தான இறக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். நனைந்த சாலையில் பிரேக் போட்டால் வண்டி இழுக்கும் என்று நிறுத்தாமல் வந்துவிட்டார். சரியாகத்தான் செய்தார், நானும் அதைச் சொன்னேன். மறுநாள் லீவு. மனுஷன் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, ஏன் நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண் நன்றாகத் திட்டி அனுப்பினாளாம். "திட்டோணுமுங்களே, கொழந்த நனைஞ்சுதான போச்சு" என்று சிரித்தார். சரி எது, தப்பு எது என்பதற்கு அவர் வைத்திருந்த ஒரே அளவு அதுதான். செய்ததை, அதனால் கஷ்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமில்லை.

மலை ஊர்களில் கூடையோடு வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஆள் முதலில் இறங்கிவிடுவார். மேலே இருப்பவர் யாராவது கூடையை எடுத்துக் கொடுப்பார். அதனால் பின்வாசலில் கூடையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டால், ஆள் இறங்கியாகிவிட்டது என்று அர்த்தம். மார்கழி மூடுபனியில் முன்வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் எனக்குப் பின்வாசல் தெரியாது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் ரெண்டு விசில் கொடுப்பேன். ஒரு விசிலுக்கு நிறுத்துவார், ரெண்டு விசிலுக்கு எடுப்பார்.

அன்று வாழவந்திக்கு முந்தைய ஸ்டாப். நான் முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். மலைவாழை விற்றுவிட்டு வந்த சின்னப்பொண்ணு என்ற அம்மாளுக்குக் கூடை எடுத்துக் கொடுக்கப் பின்னால் யாரும் இல்லை. அதனால் கூடையை முதலில் இறக்கி வைத்துவிட்டு, படியில் காலை வைத்திருக்கிறார். எனக்குக் கூடையின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ரெண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது, அந்தம்மாள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

என்மேல் ஏற்கெனவே ஒரு தண்டனை இருந்தது. இன்னொன்று வந்தால் வேலையே போகும் என்று டெப்போவில் சொன்னார்கள். மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். வண்டி நிற்பதற்குள் அந்தம்மாள் அவசரப்பட்டுக் குதித்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய மகன்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு டெப்போ கேண்டீனில் செபஸ்தியானை உட்காரவைத்து, நீங்களும் இதையே எழுதுங்கள், இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று கெஞ்சினேன்.

அவர் டீயைத் தொடவில்லை. "ஏனுங்கண்ணா, வண்டி நின்னுட்டுத்தானுங்களே இருந்துச்சு? அந்தம்மா படுத்திருக்கற கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, நீ குதிச்சேன்னு உங்களால சொல்ல முடியுமுங்களா?"

உங்களுக்கென்ன, பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள் என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன்.

சேலத்தில் விசாரணை நடந்தது. வண்டி நின்றிருந்தது, ரெண்டு விசில் வந்தது, எடுத்தேன் என்று சொன்னார் செபஸ்தியான். அதோடு நிறுத்தியிருந்தால் பழி முழுக்க என்மேல் விழுந்து, அவர் தப்பித்திருப்பார். யாரும் கேட்காமலே அவர் இன்னொன்றும் சொன்னார். இடதுபக்கக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது, தான் அதைத் துடைக்கவில்லை, துடைத்திருந்தால் அந்தம்மா படியில் நிற்பது தெரிந்திருக்கும் என்றார். அதிகாரி என் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்களையும் இப்படி எழுதச் சொன்னாரா கண்டக்டர்?" என்று அவரைக் கேட்டார்.

செபஸ்தியான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அத அவரையே கேளுங்க சார். அது அவரு சொல்லோணுமுங்க" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இல்லைங்க சார்" என்றேன். செபஸ்தியான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெப்போவில் பயமுறுத்தியதுபோல் வேலை போகவில்லை. இரண்டு பேரையும் சில மாதம் சஸ்பெண்ட் செய்து, திரும்ப அதே வண்டியில் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பல மாதம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. விசில் மட்டும்தான். அவரும் அதற்குச் சரியாக வண்டியை எடுத்தார், நிறுத்தினார். என் சாப்பாட்டுத் தூக்கைச் சூடு போகாமல் இன்ஜின் மூடிமேல் வைத்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பாராமுகமாக எடுத்துச் சாப்பிட்டேன். என் கோபத்தின் லட்சணம் அப்படி.

அடுத்த ஆண்டு சின்னப்பொண்ணு அம்மாள் கைத்தடியோடு பஸ் ஏறினார். என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தார். நானாக எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"நாந்தான் புத்தி தடுமாறிக் குதிச்சுட்டேன்னு ஊட்டுல எல்லாருஞ் சொன்னாங்க. கேட்டுக் கேட்டு நானும் அப்படியேதான் நம்பிட்டனுங்க. இனிமேலு தனியா எங்கயும் போகக்கூடாதுன்னுட்டாங்க பசங்க. அப்பறம் இந்த டிரைவருதான் ஊட்டுக்கே வந்து, பசங்களயும் கூப்பிட்டு வெச்சு, வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சு, நீங்க ஒழுங்காத்தான் எறங்குனீங்கன்னு சொன்னாரு. அதுலதானுங்க எனக்கு உசுரு வந்துச்சு."

யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு மனுஷி தன் காலையும் தன் புத்தியையும் நம்ப முடியாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்திருக்கிறார். அது நஷ்டம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. வாழவந்தியில் வண்டி நின்றதும் செபஸ்தியானிடம் போய், டீ சாப்பிடலாமா என்றேன். "சாப்பிடலாமுங்கண்ணா" என்றார், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் போல. டீக்கு அவர்தான் இரண்டு வடையும் சேர்த்து வாங்கினார். விசாரணையைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு ரிடையர் ஆகும்வரையும் பேசவில்லை.

அடக்கத்தன்று சின்னப்பொண்ணு அம்மாளும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவரிடம் போனேன். விசில் கொடுத்தது நான்தான், நீங்கள் குதித்ததாக எழுதிக் கொடுத்ததும் நான்தான், அவரையும் எழுதச் சொன்னேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவரு எழுதலீங்களே?"

"எழுதலைங்க."

கைத்தடியை ஊன்றி எழுந்து, மண் போடப் போனார். திரும்பி வந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய நியாயம், எனக்கு அதில் வருத்தமில்லை.

எத்தனையோ பேர் என் பொய்களைப் பிடித்திருக்கிறார்கள், சிலர் மூடி மறைத்தும் விட்டிருக்கிறார்கள். செபஸ்தியான் இரண்டையும் செய்யவில்லை. என் உண்மையை நானே சொல்வேன் என்று ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் நம்பினார், நான் சொல்லாதபோதும் என்னைக் கைவிடவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். அதற்கு நான் தகுதியானவனா என்பது வேறு. அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவர் கேட்டதற்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆமாம் சார், எழுதச் சொன்னேன்.