செங்கல் நிறக் குங்குமம்

வெள்ளிக்கிழமை காலை. ஜெர்மனியில், எர்லாங்கன் ரயில் நிலையத்தில் என்னை ஏற்றிவிட வந்த தம்பி, ரயிலைப் பார்க்காமல் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இங்கே மின்னணு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். மழையோ பனியோ, சைக்கிளில்தான் வேலைக்குப் போவான். ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான்.

"அக்கா, கோயிலுக்குப் போ, தேர் பாரு, சாப்பிடு, வா. ப்ரொடெஸ்ட் அது இதுன்னு எதுலயும் மாட்டிக்காத. நீ டூரிஸ்ட் விசால வந்திருக்க."

"குங்குமம் வச்சுக்கறதுக்குமா விசா வேணும்?" என்று கேட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

நான் மாயவரத்துக்காரி. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சிறிய மாத இதழில் நுகர்வோர் பக்கம் எழுதுகிறேன். மிட்டாய்களில் கலக்கும் சாயம் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தார். பெயர் வதனி, சொந்த ஊர் யாழ்ப்பாணம். 'எங்கட கடைகளில விக்கிற குங்குமத்துக்குள்ள ஈயம் இருக்குது அக்கா. சொன்னால் ஒருத்தரும் கேக்கினமில்லை. தேருக்கு முதல் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' என்று அதில் இருந்தது. தம்பி வீட்டுக்கு வந்திருக்கும் நேரத்தில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் சும்மா இருக்க முடியுமா?

நியூரம்பர்க்கில் வண்டி மாறி கார்ல்ஸ்ரூஹே போக வேண்டும். ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். முன்கூட்டியே எடுத்ததால் சீட்டு 27.99 யூரோ. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் யாராவது சொன்னால் இனி நான் சிரிப்பேன். ஸ்டுட்கார்ட்டுக்கு முன்னால் வயல்வெளியில் முக்கால் மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொள்ளக்கூட இல்லை, தன் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நானும் புளியோதரையைப் பிரித்தேன்.

கார்ல்ஸ்ரூஹேயில் இறங்கியபோது வதனி வேலையில் இருந்தார். அவர் ட்ராம் ஓட்டுநர். அந்த ஊர் ட்ராம்கள் நகரத்தோடு நிற்காமல் ரயில் பாதையில் ஏறிச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போகின்றன. அவர் சொன்ன மேடையில் நின்றேன். வண்டி வந்தது, ஓட்டுநர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த பின்னலும் நீலச் சீருடையுமாக ஒருவர் கையசைத்தார்.

"வாங்கோ அக்கா. இந்த முன் சீட்டில இருங்கோ. ஓடேக்க என்னோட கதைக்க ஏலாது, குறை நினைக்கக் கூடாது."

நாற்பது நிமிடம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு பக்கமும் சோளக்காடு, ஆப்பிள் மரங்கள், தேவாலயக் கோபுரங்கள். கடைசி நிறுத்தத்தில் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்தச் சிற்றூரின் பெயரை எழுத வேண்டாம் என்று பின்னால் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

வதனியின் வீட்டில் ஆரணி காத்திருந்தாள். ஜெர்மனியிலேயே வளர்ந்த பெண், இயன்முறை சிகிச்சை அளிப்பவள். இடுப்பில் இரண்டரை வயது மகள் மிலா. குழந்தையின் நெற்றி வெறுமையாக இருந்தது. நான் வழக்கப்படி பையைத் திறந்து, எங்கள் ஊர் சன்னதித் தெருவில் வாங்கிய பத்துக் குங்குமப் பொட்டலங்களை எடுத்து நீட்டினேன். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் போகிறோம் என்றால் நம் கை தானாகச் செய்யும் வேலை அது.

ஆரணி குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டாள். வதனி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குங்குமத்தை எதிர்த்துப் போராடுகிறவர்கள் வீட்டுக்குக் குங்குமத்தைத் தூக்கிக்கொண்டு வந்த முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"பரவாயில்லை அக்கா, இதையும் ஒரு பொட்டலம் லாபுக்கு அனுப்புவம்," என்றார் வதனி.

ஆரணி நடந்ததைச் சொன்னாள். "மிலா சாப்பிடமாட்டாள், எந்த நேரமும் வயித்துக்குள்ள நோகுது எண்டு அழுவாள். கிண்டர்ஆர்ட்ஸ்ட், பிள்ளையளின்ர டொக்டர், ரத்தம் எடுத்துப் பாத்தார். ஈயம். தண்ணிக் குழாய் பாத்தினம், சுவர்ப் பெயின்ட் பாத்தினம், ஒண்டும் இல்லை. ஒரு நாள் வதனி அன்ரி வந்திருக்கேக்க இவள் என்ர நெத்தியில விரலை வைச்சிட்டு வாய்க்குள்ள வைச்சாள். அன்ரிதான் பாத்தவா."

அந்தக் குங்குமத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பளீரென்ற சிவப்புக்காகக் கலந்த சாயத்தில் ஈயம் இருந்தது. வேறு இரண்டு பெயர்களில் விற்ற பொட்டலங்களிலும் இருந்தது. மூன்றையும் இறக்குமதி செய்பவர் ஒருவரே: பாலா அண்ணை. சுற்று வட்டாரத் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் சரக்கு அவருடையது. கோயில் அன்னதானம் அவருடையது. ஆரணியின் அப்பா அகதியாக வந்திறங்கியபோது முதல் வேலை கொடுத்தவரும் அவர்தான்.

"அரசாங்கத்துல சொல்லலியா?"

"அம்ட்டில, இஞ்சத்தை அரசாங்கக் கந்தோரில, எழுதிக் குடுத்திட்டம். வந்து சாம்பிள் எடுப்பினமாம். அவை வாற நாள், டெர்மின், அடுத்த மாசம்தான்," என்றாள் ஆரணி. "தேர் நாளையிண்டைக்கு, ஞாயிறு. அண்டைக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் ஐயர் அந்தக் குங்குமத்தைத்தான் வைப்பார்."

அதை நிறுத்தச் சொல்லிக் கோயில் நிர்வாகத்திடம் கேட்டார்களாம். செயலாளர் சொன்ன பதிலை வதனி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "வெள்ளைக்காரன்ர காதுக்குப் போனால் கோயிலைப் பூட்டிப் போடுவான் பிள்ளை. தேருக்கு ரோட்டு அனுமதி எடுக்க நாங்கள் பட்ட பாடு தெரியுமோ? எங்கட மானத்தை நாங்களே விக்கிறதோ?"

மானம்! ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதில் போகாத மானம், அதை வெளியே சொன்னால் போய்விடுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரிலும் இதே பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன். ஆலைக் கழிவைப் பற்றிப் பேசினால் ஊர்ப் பெயர் கெடும், பாலில் கலப்படம் என்றால் சாதிக்காரர் பிழைப்புக் கெடும். கெடுத்தவன் மட்டும் எப்போதும் நல்லவன்.

சனிக்கிழமை முழுவதும் நாங்களே குங்குமம் செய்ய மஞ்சள் அரைத்தோம். தூளாக வாங்கினால் அதிலும் சந்தேகம் என்று விரலி மஞ்சளாக வாங்கி, முன்பே கொஞ்சம் ஆய்வுக்கூடத்தில் பார்த்து வைத்திருந்தார்கள். இடித்து, சலித்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து பிசைந்தால் சிவக்கும். ஆனால் கடைச் சிவப்பு வராது. எத்தனை முறை பிசைந்தாலும் செங்கல் நிறத்தில்தான் நின்றது.

"இதை ஆர் வைக்கப் போயினம்? வடிவில்லையே," என்றாள் ஆரணி.

"வடிவாய் இருந்ததை வைச்சுத்தானே இந்தப் பாடு," என்றார் வதனி.

அப்போது செயலாளரிடமிருந்து ஆரணியின் கைப்பேசிக்குக் குரல்செய்தி வந்தது. கோயில் வளவுக்குள் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கூடாது, பதாகை பிடிக்கக் கூடாது, ஒலிபெருக்கியில் பேசக் கூடாது. மூவரும் கேட்டோம். ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வதனி கையிலிருந்த மஞ்சளைத் தட்டினார்.

"வாசலில பன்னீர்ச் செம்பும் சந்தனமும் குங்குமமும் வைச்சுக்கொண்டு சனத்தை வரவேற்கக் கூடாது எண்டு சொன்னவரோ?"

சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. துண்டுப் பிரசுரத்தை வாங்காமல் போகலாம், வாங்கிக் குப்பையில் போடலாம். வரவேற்புத் தட்டைத் தாண்டிப் போகிற தமிழர் இன்னும் பிறக்கவில்லை. நின்று, சந்தனம் தொட்டு, நெற்றியைக் காட்டித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தேர் நாளில் வாசலில் குங்குமத் தட்டோடு நிற்கும் பெண்களை 'தள்ளிப் போ' என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கு நெஞ்சு வரும்?

ஒரு சிக்கல் இருந்தது. வதனி கணவரை இழந்தவர். "நான் பின்னுக்கு நிண்டு தட்டை நிரப்பித் தாறன். முன்னுக்கு நீங்கள் நில்லுங்கோ," என்றார். ஆரணியின் தோழிகள் இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை. கோயில் ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, எதிரே தளவாடக் கிடங்கு. டயர் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் தேர் அலங்காரத்தோடு நின்றது. பட்டுச் சேலையும் வேட்டியுமாகச் சனம் ட்ராம் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்துகொண்டே இருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் காரில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

நாங்கள் வாசலின் இரு பக்கமும் நின்றோம். ஆரணி நெற்றியில் வைக்கும்போதே சொன்னாள்: "இது நாங்கள் அரைச்ச மஞ்சள். கடைக் குங்குமத்தில ஈயம் இருக்குது. என்ர பிள்ளைக்கு ரத்தத்தில ஏறிட்டுது. சின்னனுகளுக்கு வைக்க விடாதேங்கோ." சிலர் திடுக்கிட்டார்கள். சிலர் "ஓம் பிள்ளை, கேள்விப்பட்டனாங்கள்" என்றார்கள். ஒரு தாய் உடனே தன் மகனின் நெற்றியைத் துடைத்துவிட்டுக் குனியச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள் செங்கல் நிற நெற்றிகள் தெரியத் தொடங்கின. யார் எங்கள் பக்கம் வந்தார், யார் வரவில்லை என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

நிர்வாகத்துக்கும் தெரிந்தது. செயலாளர் எங்களிடம் வரவில்லை, ஆரணியின் தோழிகளுடைய கணவர்களிடம் போனார். ஒருத்தியைக் கணவன் வந்து கூப்பிட்டான், மற்றவளுக்குப் போன் வந்தது. இருவரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பாலா அண்ணை மனைவியோடு வந்தார். தூய வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றியில் பளீரென்ற சிவப்பு.

ஆரணி தட்டைப் பிடித்தபடி நின்றாள். "இவர்தான் அப்பாவுக்கு வேலை குடுத்தவர்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

பின்னாலிருந்து வதனி வந்தார். தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நின்றார்.

பாலா அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வதனி, நல்ல நாளும் அதுவுமா நீர் குங்குமம் குடுக்கலாமோ?"

"உங்கட குங்குமத்தில ஈயம் இருக்கிறது மங்களம், நான் குடுக்கிறது மட்டும் அமங்களமோ அண்ணை?"

"நான் என்ன, இருந்து அரைக்கிறனோ? பெட்டியாய் வருது, பெட்டியாய் குடுக்கிறன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இப்ப தெரியும்தானே. நேற்றும் அதைத்தானே கோயிலுக்குக் குடுத்தனீங்கள்."

பாலா அண்ணையின் மனைவி சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தார். துணியில் சிவப்பு அப்படியே இறங்கியது. வதனிக்கு முன்னால் குனிந்தார்.

"வையும் பிள்ளை," என்றார். "ரெண்டு பேரப்பிள்ளையள் என்ர மடியிலதான் வளருதுகள்."

வதனி நெற்றியில் வைத்தார். பிறகு அந்த அம்மாள் தன் விரலில் அதே குங்குமத்தைத் தொட்டு வதனியின் வெறும் நெற்றியில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். பாலா அண்ணை தட்டைத் தொடாமல் அவர் பின்னால் போனார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், வெட்கப்படவில்லை. ஆரணி தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்த முறை அவள் சொன்னது போலீஸ்காரர்கள் நின்ற இடம் வரை கேட்டிருக்கும்.

தேர் தொழிற்பேட்டையைச் சுற்றி வந்து நின்றபோது ஐயர் பிரசாதம் கொடுத்தார். திருநீறு, சந்தனம். குங்குமக் கிண்ணம் இல்லை. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. வதனி மறுநாள் காலை நாலரை மணி ட்ராமை எடுக்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பினார். நெற்றியைத் துடைக்கவில்லை.

நான் எர்லாங்கன் திரும்பினேன். தம்பி கைப்பேசியில் யாரோ அனுப்பிய படத்தைக் காட்டினான்: வாசலில் தட்டும் கையுமாக நான். "கோயிலுக்குத்தானே போன?" என்றான். "கோயில்லதானே நிக்கறேன்," என்றேன்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் ஆரணியின் செய்தி வந்தது. மிலாவின் ரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கடைகளில் அந்த மூன்று பொட்டலங்களும் இப்போது இல்லை, ஆனாலும் அதிகாரிகள் வரும்வரை விடமாட்டோம் என்று எழுதியிருந்தாள். கடைசியாக ஒரு வரி: 'நீங்கள் கொண்டு வந்த பொட்டலத்திலும் இருக்குது அக்கா.'

மீதி ஒன்பது பொட்டலங்களையும் பெட்டியில் வைத்து மாயவரத்துக்கே திரும்பக் கொண்டு வந்தேன். ஜெர்மனியில் புகாரை வாங்கிக்கொள்ள ஓர் அலுவலகமாவது இருக்கிறது, தாமதமானாலும் வருவார்கள். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிப்பதே முதல் போராட்டம். அதனால் முதலில் சன்னதித் தெருவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். பொட்டலங்களைக் கடைப் பலகையில் வைத்து, ஆரணி அனுப்பிய ஆய்வு முடிவையும் வைத்தேன்.

"இது எதுல செஞ்சது?"

"என்னம்மா இது, எங்கப்பா காலத்துலேந்து விக்கிறோம். இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல."

"அதான் கேக்கறேன்."

"தள்ளி நில்லுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். குழந்தையின் நெற்றியில் பளீரென்ற சிவப்பு. வதனி செய்தது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து, அங்கே நாங்கள் அரைத்த செங்கல் நிறக் குங்குமம் இருந்த சிமிழை எடுத்துத் திறந்து, கடைக்காரருக்கும் கேட்கும்படி அவளிடம் பேச ஆரம்பித்தேன்.