பொன்முடிக்கு வண்டு பிடிக்கப் போனது

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் புறப்பட்டது. நாங்கள் மூன்று பேர். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கும் லலிதா டீச்சர், நான், என் மனைவியின் தம்பி தங்கையன். நான் கொத்தனார். தங்கையன் எனக்குக் கையாள். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். கோட்டைக்குள் டீச்சர் வீட்டு அடுக்களையைப் பூசிக்கொண்டிருந்தோம். வேலை பாதியில் நிற்கும்போது, "குழி தோண்ட ரெண்டு ஆள் வேணும், மலைக்கு வரேளா?" என்று கேட்டார். யாருக்குக் குழி என்றேன். வண்டுக்கு என்றார். சரி என்றேன்.

நாற்பது பால்மாவு டப்பா சாக்கில் கட்டியிருந்தது. வெள்ளைத் துணி இரண்டு, பெட்ரோமாக்ஸ் ஒன்று, என் கொத்துக் கரண்டி. பஸ் குலுங்கும்போதெல்லாம் டப்பாக்கள் கத்தின. கண்டக்டர் வந்தார்.

"எந்தா டீச்சரே, பாத்திரக் கச்சவடமோ?"

"வியாபாரம் இல்ல. வண்டு பிடிக்கான் போகுன்னு."

டிக்கெட் கிழித்துத் தரும்போது அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நெடுமங்காடு தாண்டி விதுரையில் சாயா குடித்தோம். பதினைந்து காசு. கல்லாறு வரை ரோடு நேர். அதற்குமேல் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. தங்கையன் ஒன்பது வரை எண்ணினான். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டான். மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பதரைக்கு இறங்கினோம். சித்திரை மாதம். கீழே வேர்த்தது. மேலே பல் கிட்டியது.

தங்க இடம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரி பாக்கியம், கொழுந்து பறிப்பவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். காட்டுக்கு வழி காட்டவும் அவர்தான். கஞ்சியும் கருவாடும் தந்தார். டீச்சர் கஞ்சியை மட்டும் குடித்தார்.

டீச்சருக்கு ஆக வேண்டிய காரியம் இது. தேயிலைக்குள் எத்தனை வகை வண்டு, ஒட்டியிருக்கும் காட்டுக்குள் எத்தனை வகை என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு டப்பா, இருபது இருபது, ஒரே ராத்திரி. இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. டப்பாவைத் தரையில் புதைத்து அடியில் சோப்புத் தண்ணீர் விட வேண்டும். ராத்திரி நடமாடும் வண்டு தவறி விழும். ஏற முடியாது.

எல்லாம் ஞாயிறு மதியத்துக்குள் முடிய வேண்டும். திங்கள் முதல் டீச்சருக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை. அது முடிவதற்குள் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்கிவிடும். இந்தத் தடவை தவறினால் இனி அடுத்த வருஷம்.

வியாழன் மதியம் தேயிலைக்குள் ஒரு டப்பாவை டீச்சரே வைத்துக் காட்டினார். "வாய் தரைக்குச் சமமா இருக்கணும். அவ்வளவுதான்." மீதியைத் தங்கையனிடம் விட்டார். நானும் பாக்கியமும் காட்டுக்குள் போனோம்.

காட்டில் மண் கறுப்பு. கரண்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சொன்னபடி டப்பாவின் வாயைத் தரைக்குச் சமமாக வைத்தேன். ஆனால் விளிம்பு கட்டாமல் ஒரு குழியை விட்டுவிட்டு வர எனக்குக் கை வராது. மழை பெய்தால் சேறு உள்ளே போகும். ஆகவே வாயைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு மண்ணை எழுப்பி, தண்ணீர் தொட்டு இழுத்து, வழவழவென்று முடித்தேன். இருபதும் ஒரே அச்சு.

"அண்ணாச்சி, எங்க லயத்துக்கு இப்பிடி ஒருத்தரும் பூசித் தரலியே" என்றார் பாக்கியம்.

பொழுது சாயும் நேரத்தில் லயத்துக்கு வெளியே கயிறு கட்டி வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, பெட்ரோமாக்ஸ் ஏற்றினோம். பறக்கிற வண்டுக்கு அது. லயத்து ஜனம் படம் காட்டப்போகிறார்கள் என்று பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டது. துணியில் வண்டு வந்து மோதியது. ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள்.

வெள்ளி காலை தேயிலை டப்பாக்களைப் பார்த்தோம். தங்கையன் கோணல்மாணலாக வைத்திருந்தான். ஆனால் எல்லாவற்றிலும் வண்டு. கறுப்பு, பழுப்பு, பச்சை மினுக்கு. டீச்சர் முகம் மலர்ந்தது. காட்டுக்குள் போனோம். முதல் டப்பாவில் ஒரு இலை. அடுத்ததில் ஒரு கொசு. அதற்கடுத்ததில் அதுவும் இல்லை.

டீச்சர் ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தேயிலையில இருக்கறது காட்டுல இல்லையாம். யாரு நம்புவா? இப்படி எழுதினா என்னைச் சிரிப்பா."

பாக்கியம் குனிந்து விரலை நீட்டினார். "டீச்சரம்மா, அந்தா ஒண்ணு வருது."

நகக்கண் அளவில் ஒரு கறுத்த வண்டு. சருகுக்கு அடியிலிருந்து வந்து நேராக என் டப்பாவை நோக்கி நடந்தது. நாலு பேரும் மூச்சை அடக்கினோம். விளிம்பை வந்து முட்டியது. மீசையால் தடவிப் பார்த்தது. ஏறியது, வழுக்கியது. மறுபடி ஏறியது, வழுக்கியது. பிறகு கோயில் பிரகாரம்போல் ஒரு சுற்று சுற்றி, வந்த வழியே போய்விட்டது.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கொத்தனாரே, நான் குழி கேட்டேன். நீங்க கிணறு கட்டியிருக்கேள்!"

"மழை வந்தா சேறு போகுமேன்னு" என்றேன்.

"அத்தான் ஒரு கப்பியும் கயிறும் போட்டிருந்தா அது தண்ணியாவது கோரிட்டுப் போயிருக்கும்" என்றான் தங்கையன்.

"வாய மூடிட்டு வேலையப் பாருல."

பத்தொன்பது விளிம்பை இடித்துச் சமமாக்கினேன். ஒன்றை விட்டுவைக்கச் சொன்னார் டீச்சர். காரணம் விளிம்புதானா என்று தெரிய வேண்டுமாம். பிறகு தேயிலைக்குப் போய் அங்கேயும் பத்தொன்பதுதான் இருக்கட்டும் என்று ஒரு டப்பாவைக் கணக்கிலிருந்து நீக்கினார். வெள்ளி காலை கிடைத்த வண்டுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை. தங்கையனுக்கு அதில் வருத்தம். தன் வண்டு என்றான். ஒரே ராத்திரி என்றால் இரண்டு இடத்துக்கும்தான் என்றார் டீச்சர்.

இரண்டு இடத்திலும் டப்பாவை இனி ஞாயிறு காலைதான் பார்ப்பது என்றார். சனி காலை செடிகளுக்கு அடியில் துணியை விரித்துக் கம்பால் கிளையைத் தட்டினோம். இலையில் இருக்கும் வண்டு அப்படித்தான் விழும். நடப்பது, பறப்பது, இலையில் ஒட்டியிருப்பது, ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும் என்றார் டீச்சர். மூன்று மணிக்கு வானம் இருட்டியது. டப்பா நிறைந்து வழிந்தால் எல்லாம் போச்சு.

"கூரை வேணும். ஆனா வண்டு அடியால வரணும்" என்றார் டீச்சர்.

லயத்துக்குப் பின்னால் உடைந்த ஓடு குவிந்து கிடந்தது. நாலு பேரும் சுமந்தோம். டப்பாவுக்கு மூன்று கூழாங்கல், அதன்மேல் ஒரு ஓட்டுத் துண்டு. கடைசி ஓடு வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. பாக்கியம் வீட்டில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்தோம். டீச்சர் மட்டும் வாசலில் நின்று கை நீட்டி மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை தேயிலை டப்பாக்களை எடுத்து முடித்து, ஏழு மணிக்குக் காடு. முதல் ஓட்டைத் தூக்கினேன். உள்ளே கறுகறுவென்று கிடந்தது. அடுத்தது, அடுத்தது. தேயிலையில் காணாத வகைகள். கொம்பு வைத்தது ஒன்று, முதுகில் மஞ்சள் பொட்டு வைத்தது ஒன்று. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் "அம்மாடி" என்றார். விளிம்போடு விட்ட டப்பாவைக் கடைசியில் திறந்தோம். சோப்புத் தண்ணீர் மட்டும் சுத்தமாக இருந்தது.

"நல்ல வேல, அத்தான். ஒரு தூசி உள்ள போகல" என்றான் தங்கையன்.

குழிகளை மூடிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது டீச்சர் கட்டளை. அந்த விளிம்பை நானே இடித்தேன். மழைக்கும் அது கரையவில்லை.

மதியம் பஸ் ஏறினோம். பாக்கியம் ரோடு வரை வந்தார். "அடுத்த தடவ வரும்போது என் அடுப்பையும் பூசிக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார். பஸ்ஸில் வியாழக்கிழமை பார்த்த அதே கண்டக்டர். டீச்சர் மடியில் இருந்த, வண்டு போட்ட பாட்டில்களைப் பார்த்துவிட்டு இரண்டு சீட் தள்ளி நின்று டிக்கெட் கொடுத்தார். கல்லாறு வந்ததும் புழுக்கம் திரும்பியது. திருவனந்தபுரத்தில் எங்கே பார்த்தாலும் சுவர், படி, விளிம்பு. மூன்று நாள் தரைக்குச் சமமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

திங்கள் மறுபடி டீச்சர் வீட்டு அடுக்களை. பின்வாசல் படிக்கு விளிம்பு வைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் டீச்சர் பேப்பர் திருத்திவிட்டு வந்ததும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டேன்.

"அடுக்களைக்குள்ள வண்டு வராத உயரம் போறும்" என்றார்.

ஒரு விரல் வைத்தேன்.