இருபத்தேழாவது கட்டைவிரல்

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன முதல் வாரத்தில் அவளுடைய மிஸ் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். கையால் எழுதி நகல் எடுத்த ஒற்றைத் தாள். பிள்ளை செய்ய வேண்டியது, வீடு செய்ய வேண்டியது, நான் செய்ய வேண்டியது என்று மூன்று பத்திகள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் காகிதங்களில் பெற்றோருக்கு உத்தரவு இருக்கும், பிள்ளைக்கு மிரட்டல் இருக்கும். எழுதியவர் தனக்கென்று ஒரு பத்தி ஒதுக்கிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். சிந்தியவர் துடைக்க வேண்டும், எடுத்தவர் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு. பையைப் பிள்ளையே சுமக்கட்டும் என்பது வீட்டுக்கு. கத்திவிட்டால் பிள்ளைகளிடம் வருத்தம் சொல்வேன் என்பது அவருக்கு. கடைசி வரி இரண்டு தரப்புக்கும் பொது. உங்கள் பிள்ளையைப் பற்றிக் குறை இருந்தால் ஆபீசுக்குப் போகும் முன் நான் உங்களிடம் வருவேன், என்மேல் குறை இருந்தால் நீங்களும் முதலில் என்னிடம் வாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். பில் போடுகிற பேனாவாலேயே கையெழுத்துப் போட்டு, மறுநாள் பையில் வைத்து அனுப்பினேன்.

அவர் தன் வாக்கைக் காப்பாற்றினார். அதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது, காரணம் பிறகு வரும். ஜூலை மாதம் என் மகள் வகுப்பில் ஒரு பையனின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து இன்னொருத்தியை. முந்தைய வருடம் வேறொரு பள்ளியில் இதே கடிக்கு டைரியில் சிவப்பு மையில் எழுதி, எங்களை முதல்வர் அறை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதனால்தான் மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த இந்தச் சின்னப் பள்ளிக்கு வந்தோம். இங்கேயும் அதே கதைதான் என்று என் மனைவி அழ ஆரம்பித்திருந்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் கடையில் முட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், இட்லிப் பானை அடுக்குகளுக்கு நடுவில் மிஸ் வந்து நின்றார். கையில் குடை, தோளில் துணிப்பை. நான் ஏதோ வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மெதுவாகப் பலகைமேல் வைத்தார்.

"ரெண்டு தடவையும் அவ சாமானை யாரோ கேக்காம எடுத்திருக்காங்க சார். ஒரு நாள் பென்சில் பாக்ஸ், ஒரு நாள் ரப்பர். வீட்ல அவ பொருளை யாராவது அப்படி எடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருந்தான். அவன் அக்காவிடமிருந்து எதைப் பிடுங்கினாலும், தம்பிதானே, கொடுத்துடு என்பதுதான் எங்கள் தீர்ப்பு. அவள் அழுதால், பெரியவள் இப்படி அழலாமா என்று இன்னொரு தீர்ப்பு. மிஸ் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. நான் வகுப்பில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று பழக்குகிறேன், நீங்கள் வீட்டில் அதையே பழக்குங்கள் என்று மட்டும் சொன்னார். அன்று முதல் சின்னவனிடம், அக்காகிட்ட கேட்டியா என்று கேட்க ஆரம்பித்தோம். மூன்று வாரத்தில் கடி நின்றது. ஆபீசுக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது. டைரியில் ஒரு சொட்டு சிவப்பு மை கிடையாது. அந்த மனுஷி ஒரு சனிக்கிழமையைச் செலவழித்துப் பேருந்தில் வந்து, கூட்டத்தில் இடிபட்டு, என் மகளின் பெயரைக் காப்பாற்றிவிட்டுப் போனார்.

அவருடைய வகுப்பில் ஜன்னல் ஓரமாக ஒரு கயிறு கட்டி, பழைய குளியல் துண்டுகளை நறுக்கித் துணிகளாகத் தொங்கவிட்டிருப்பார். சாப்பாட்டு வேளையில் யார் சிந்தினாலும் ஒரு துணியை எடுத்துத் துடைத்து, அலசி, திரும்பக் காயப்போட வேண்டும். ஒருநாள் அவரே ரசத்தைக் கவிழ்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டி போட்டுத் துடைத்ததை என் மகள் வீட்டில் நடித்துக் காட்டினாள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகியிருந்தது. என் மகள் வீட்டிலும் தன் தட்டைச் சுற்றித் துடைக்கத் தொடங்கியபோது, நானும் என் மனைவியும் பெருமையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டிசம்பரில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் சாம்பார் சாதத்தை வேண்டுமென்றே தட்டிக் கவிழ்த்தான். மிஸ் அவனிடம் துணியைக் கொடுத்தார். அவன் மாட்டேன் என்றதும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் துடைத்தார், மீதியை அவன் துடைத்தான். நடந்தது இவ்வளவுதான். அவன் அப்பா அபிராமபுரத்தில் இருக்கும் வக்கீல். பள்ளித் தாளாளருக்கு வேண்டியவர். மறுநாள் மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வக்கீலின் நீளமான கடிதம் ஒன்று வந்து விழுந்தது. நம் குழந்தைகளைத் துப்புரவு வேலை செய்ய வைத்து அவமானப்படுத்தும் ஆசிரியர்மேல் உடனே நடவடிக்கை வேண்டும், இதை நாளைக் காலை நிர்வாகத்திடம் கொடுக்கப்போகிறேன், ஒப்புக்கொள்பவர்கள் கட்டைவிரல் போடுங்கள் என்று முடித்திருந்தார். அந்த வேலைக்கென்று ஆள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி நடுவில் இருந்தது. அந்த வரியில் என்னென்ன நாற்றம் அடிக்கிறது என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. ஓர் அம்மாள் குரல் பதிவே போட்டார். "எங்காத்துல அவன் சாப்ட்ட தட்டைக்கூட நகத்த விடமாட்டோம். அங்க போய்த் தரையைத் தொடச்சுண்டு நிக்கறானாம்." நான் மட்டும் என்ன வாழ்ந்தது? என் வீட்டிலும் ஆண்பிள்ளை தட்டை எடுத்ததில்லை. ஒரே ஒருத்தி, பேருந்தில் வந்து போகிற ஒரு நர்ஸ் அம்மா, முதலில் மிஸ்ஸைக் கேட்கலாமே, அப்படித்தானே கையெழுத்துப் போட்டோம் என்று எழுதினார். உங்களுக்கு இது பழக்கமான வேலையாக இருக்கலாம் என்று ஒருவர் பதில் போட்டார். அடுத்த நிமிடம் அந்த அம்மா குழுவிலிருந்து வெளியேறினார். அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

நான் கடையில் நின்றபடி அந்தக் கடிதத்தை இரண்டு முறை முழுக்கப் படித்தேன். தெரியாமல் போட்டேன், கை தவறிப் பட்டுவிட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். இருபத்தாறு கட்டைவிரல்கள் இருந்தன. அடுத்த ஜூனில் என் மகனை அதே பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். தாளாளர், வக்கீல், அட்மிஷன் என்று மூன்று வார்த்தைகள் தலைக்குள் ஓடின. இருபத்தாறோடு ஒன்று கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒரு அயோக்கியத்தனமான கணக்கைப் போட்டு, இருபத்தேழாவதாக என் விரலை வைத்தேன். பிறகு வாடிக்கையாளர் ஒருவருக்குக் குக்கர் மூடியைப் போட்டுக் காட்டினேன்.

நிர்வாகம் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பெயர்ப் பட்டியலோடு மிஸ்ஸின் கையில் கொடுத்தது. வக்கீலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்படி அவரிடம் சொன்னார்கள். அவர், பையனையும் அப்பாவையும் உட்கார வைத்துப் பேசுகிறேன், கடிதம் எழுதமாட்டேன் என்றாராம். வக்கீல் வர மறுத்துவிட்டார். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு மிஸ் வரவில்லை. பள்ளியைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மாதான் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது. கொயந்த சிந்துனா கொயந்த தொடைக்குது, இதுல இன்னா கீது? கை தேஞ்சா பூடும்? அந்த மிஸ் இருந்தவரைக்கும்தான் சார் நான் மத்தியானம் உக்காந்து துன்னேன்."

நான் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள், மிஸ் ஏன்ப்பா வரல என்று கேட்டாள். மிஸ் வீடு திருவான்மியூர், தினமும் வர தூரம், அதான் நின்னுட்டாங்க என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சின்னப்பிள்ளை, நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய பழைய வகுப்பில் துணிக் கயிறு இருந்த ஜன்னல் ஓரத்தில் பளபளப்பாக ஒரு ஆங்கில விதிப்பலகை தொங்குகிறது. பிள்ளைகளின் நடத்தைக்கு எங்கள் போனில் பள்ளி ஆப் வழியாக நட்சத்திரம் வருகிறது, நட்சத்திரம் குறைந்தால் டிங் என்று ஒரு சத்தமும் வருகிறது. ஏன் குறைந்தது என்று கேட்டால் சிஸ்டம் அப்படித்தான் சார் என்கிறார் புது மிஸ். பாவம், அவர் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறார். பயப்படாமல் என்ன செய்வார்? சாப்பாட்டு வேளையில் சோறு காலடியில் மிதிபட, ஆயாம்மா குனிந்தே நிற்கிறார். சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் யார் சொல்வதையும் கேட்பதில்லை, ஆசிரியர்களுக்கு அக்கறை போய்விட்டது என்று ஒருவர் எழுந்து முழங்கினார். அதே வக்கீல்தான். சுற்றிலும் அந்தக் கட்டைவிரல்காரர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியதும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆயாம்மாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூருக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு கீழ்த்தள வீடு. வாசலில் பத்துப் பன்னிரண்டு சின்னச் செருப்புகள் ஜோடி ஜோடியாக இருந்தன. டியூஷன் எடுக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் தயார் செய்துகொண்டு போன பேச்சை, வக்கீலின் திமிர், நிர்வாகத்தின் கோழைத்தனம் என்று ஊரையெல்லாம் திட்டி, கடைசியில்தான் என் தப்புக்கு வந்து முடித்தேன்.

"எனக்கு உங்க மேல கோபம் போகல சார். போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வக்கீல் எழுதினதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. அந்த லிஸ்ட்ல உங்க பேரைப் பாத்தப்பதான் அப்படியே உக்காந்துட்டேன்."

உள்ளே ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அவர், "பாப்பாகிட்ட நான் ஏன் போனேன்னு என்ன சொன்னீங்க?" என்றார்.

சொன்னேன். வீடு தூரம் என்று சொன்னதாக. அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு கடுப்பு வந்தது.

"எனக்கு நீங்க செஞ்சத நான் பாத்துக்கறேன். நான் தூரம்னு விட்டுட்டுப் போனேன்னு அந்தக் கொழந்த நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அத மட்டும் போய்ச் சரி பண்ணுங்க" என்று எழுந்து வகுப்புக்குள் போய்விட்டார். வாசல்வரை வரவில்லை.

அன்று மாலை மகள் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் எழுதியது, நான் படித்தது, தம்பியின் அட்மிஷனுக்காகப் பயந்தது, விரலை வைத்தது, உன்னிடம் பொய் சொன்னது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். முடித்ததும், "தெரியும்ப்பா" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன். "அன்னைக்கு நீ வீட்டுக்கு வந்ததும் உன் போன்லதான் கேம் ஆடினேன். குரூப்ல மிஸ்னு இருந்துதா, தொறந்து பாத்தேன். கட்டைவிரல அமுக்கினா யார் யார் போட்டாங்கன்னு வரும்ல. மொதல்ல 'யூ'ன்னு இருந்துது, உன் போன்ல அது நீதானே."

இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை. மூன்று வருடமாக என் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதே பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். ஏம்மா என்கிட்ட ஒண்ணும் கேக்கல என்றேன்.

"செஞ்சவங்களே வந்து சொல்லணும், பாத்தவங்க காத்திருக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அவள் அட்டையின் ஓரத்தை மடித்து, பசை தடவி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீயே போய்ச் சொல்லு" என்றாள்.