கேற்றடியிலிருந்து கதிரை வரை

பாலர் பாடசாலையின் தலைமை ஆசிரியைக்குப் பாட்டும் கைதட்டலும் பத்து நாளில் பழகிவிடும். "இடமில்லை" என்று முகம் மாறாமல் சொல்லப் பழகத்தான் வருடங்கள் பிடிக்கும்.

அம்பிட்டிய ஏற்றத்தில் இருந்த எங்கள் சிறிய பள்ளியில் இருபத்தாறு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பிள்ளைகள் உட்கார இருபத்தெட்டுக் கதிரை. பெற்றோரின் கண்ணைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தபடி பதில் சொல்லியிருப்பவர்கள் இதைப் படித்தால், எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவர்களுக்கு விளங்கும். செல்வராணி என்ற தாய் எங்களிடம் வந்த வருடத்துச் சம்பவங்கள் இவை.

ஒன்பதாம் கேள்வி

எங்கள் விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, "பிள்ளைக்கு ஏதேனும் குறைபாடு உண்டா?" என்பது. ஏறக்குறைய எல்லோரும் "இல்லை" என்றே எழுதுவார்கள். அப்படி எழுதிச் சேர்ந்த ஒரு பையன் முதல் வாரத்திலேயே மூன்று பேரைக் கடித்தான். இன்னொருத்திக்கு இடக்காது கேட்காது என்பதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு தவணை முழுக்கப் போயிற்று. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "உண்டு" என்று எழுதிய படிவங்கள் என் மேசையின் கீழ் லாச்சியில் கிடந்தன. உங்களிடமும் அப்படி ஒரு லாச்சி இருந்திருக்கும்.

செல்வராணி குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். வீட்டிலிருந்தபடி சட்டை தைத்துக் கொடுப்பவள். அந்தக் கேள்விக்கு விட்டிருந்த ஒற்றை வரி அவளுக்குப் போதவில்லை. கொப்பித் தாளொன்றில் இரண்டு பக்கமும் எழுதி, குண்டூசியால் குத்தியிருந்தாள். மகள் நிரோஷாவுக்கு நாலரை வயது. பேசுவதில்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். புதிய இடத்துக்குள் திடீரென்று கூட்டிப் போனால் தரையில் விழுந்து புரளுவாள். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: "ஓடுகிற தண்ணியைக் கண்டால் சிரிப்பாள்." இன்றைக்கு இதற்கெல்லாம் ஒரு பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் பெயர் இருக்கவில்லை.

நான்கு பள்ளிகளில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அடுத்த வருடம் முதலாம் தரம். அதற்கு முன் நாலு பிள்ளைகளோடு இருந்து பழகாவிட்டால் பெரிய பள்ளிக்கூடத்தில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாள். நான் இடமில்லை என்றேன். இருபத்தெட்டாவது கதிரை அன்று காலியாகத்தான் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அதை ஒரு "இல்லை"க்குக் கொடுத்தேன். நான் இடமில்லை என்றதும் செல்வராணி என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "எல்லாருக்கும் இடமில்லையா டீச்சர், இல்ல முழுசா எழுதினவங்களுக்கு மட்டுமா?"

கேற்றுக்கு வெளியே

மறுநாள் காலை எட்டேகாலுக்கு எங்கள் கேற்றுக்கு எதிரே, வீதியின் மறு கரையில், தாயும் மகளும் நின்றார்கள். குழந்தை குதிக்கால் நிலத்தில் படாமல், நுனிக்காலில் நின்றிருந்தாள். ஒரு சின்னக் கொக்கு போல. பத்து நிமிடம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள். அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நான் இறங்கிப் போய், "நான்தான் சொல்லிவிட்டேனே" என்றேன். "இடம் கேக்க வரலைங்க" என்றாள். மகளைப் பஸ்ஸில் ஏற்றவே மூன்று வாரமானதாம். முதல் வாரம் தரிப்பிடத்தில் நின்று பஸ்ஸைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்களாம். இரண்டாம் வாரம் ஏறி, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவார்களாம். எந்த இடமும் அவளுக்குள் துளித்துளியாகத்தான் இறங்குமாம். எங்கேயாவது இடம் கிடைத்தால் அன்றைக்குப் போய் அவளைப் பழக்க முடியாது. அதனால் பிள்ளைகளின் சத்தத்துக்கு இப்போதே பழக்குகிறாளாம்.

பத்து நிமிடத்துக்காகப் போக வர நான்கு பஸ். மலையிலிருந்து மூடுபனி இறங்கி வீதியே தெரியாத காலைகளிலும் ஒரு கறுப்புக் குடை மட்டும் அங்கே தெரியும். நான் ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன்; குடை கண்ணுக்குள்ளேயே நின்றது. பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்களே என்று ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன். அவள் சொன்னாள்: "இது கவர்மெண்ட் ரோடு தானேங்க டீச்சர், நாங்க கேற்றத் தொடக்கூட இல்லையே."

செருப்புத் தட்டு

நான்காம் வாரம் அவள் கேற்றைத் தொட்டாள். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போன பிறகு விறாந்தையில் செருப்பு வைக்கும் தட்டு வரைக்கும் வரலாமா என்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆயா சுபைதா கேற்றின் கொளுக்கியைக் கழற்றிவிட்டார்.

நிரோஷா தட்டின் முன் நின்றாள். தாறுமாறாகக் கிடந்த இருபத்தெட்டுச் சோடியையும் எடுத்து, நுனி வெளியே பார்க்க, வரிசையாக வைத்தாள். ஒரு சோடியும் மாறவில்லை. அடுத்த நாளும் வைத்தாள். எனக்கு மனம் பொங்கிவிட்டது. எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுத வசனங்கூட அமைத்துவிட்டேன்: இந்தப் பிள்ளையிடம் ஓர் அபூர்வ ஆற்றல் உண்டு, ஆகவே ஒரு கதிரை கூட்டலாம். செல்வராணியிடம் அதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் தலையாட்டி மறுத்தாள்: "இன்னைக்கு அடுக்குறா, நாளைக்கு எறிவா. கெட்டிக்காரின்னு சொல்லிச் சேக்காதீங்க டீச்சர், எறியிற அன்னைக்கு அந்த இடம் போயிரும்."

மணி

சொன்னபடியே அடுத்த வாரம் ஏழு சோடி விறாந்தையோரத் தண்ணீர்க் கானுக்குள் போயிற்று. எல்லாம் மணியால் வந்த வினை. இடைவேளைக்குச் சுபைதா பித்தளை மணியை ஆட்டினார். நிரோஷா காதைப் பொத்தி அலறி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வீசினாள். செல்வராணி கானுக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குழாயில் கழுவி, முந்தானையால் துடைத்து வைத்தாள். மன்னிப்புக் கேட்டுக் கொண்டிருக்கவில்லை. மகளின் முதுகை அழுத்தித் தடவியபடி அவளை வீதி வரைக்கும் கூட்டிப் போனாள். மறுநாள் மறுபடி கேற்றடியிலிருந்து ஆரம்பித்தாள். நானாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் பள்ளியில் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. பிள்ளைகள் நேரத்துக்கு வெளியே வந்தார்கள், நேரத்துக்கு உள்ளே போனார்கள். பிறகுதான் கவனித்தேன். சுபைதா மணியைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். யாரைக் கேட்டு மணியை நிறுத்தினீர்கள் என்றேன். சுபைதா துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "மணி அடிக்கிறது புள்ளைகளுக்குத்தானே டீச்சர், ஒரு புள்ள வேணாங்குது."

தலைவர் வந்த நாள்

நிரோஷா விறாந்தை வரை வந்த செய்தி வெளியே போகாமலிருக்குமா? இரண்டு தகப்பன்மார் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள்: அந்தப் பிள்ளை வருவதானால் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம். தலைவர் நேரில் வந்தார். யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். செல்வராணியையும் வரச் சொல்லியிருந்தார். "பிள்ளை, நாங்கள் நடத்திறது பாலர் பாடசாலை, ஆசுப்பத்திரி இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளிடம் திரும்பினார்.

"கதைப்பாளோ?"

"இல்லைங்க ஐயா."

"ஓரிடத்திலை இருப்பாளோ?"

"மூணு நிமிசம் இருப்பா. போன மாசம் ஒரு நிமிசங்கூட இல்ல."

"மூண்டு நிமிசத்தை வைச்சு என்ன செய்யிறது?"

"அடுத்த மாசம் நாலாக்கலாங்க."

இந்தப் பேச்சுக்கு நடுவில் நிரோஷா அவருடைய கதிரையை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் சாத்தியிருந்த குடையின் வளைந்த பிடியைப் பற்றிக்கொண்டாள். அவர் மெதுவாக இழுத்தார். அவள் விடவில்லை. "இழுக்காதீங்க ஐயா, அவளே விடுவா" என்றாள் செல்வராணி, கெஞ்சலும் பயமும் இல்லாத குரலில். தலைவர் இருந்தார். அவருக்கு வேறு கூட்டமிருந்தது, இருந்தாலும் இருந்தார். குழந்தை குடையை ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். வெளியே கூரைத் தண்ணீர் கானில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு அவள் சிரித்தாள். அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இருபது நிமிடம் கழித்து அவள் பிடியை விட்டாள். தலைவர் எழுந்து குடையை எடுத்தார். ஒரு தவணைக்குப் பார்ப்போம், தாய் விறாந்தையில் இருக்க வேண்டும் என்றார்; கடிதத்துக்குத் தானே பதில் எழுதுவதாகவும் சொன்னார். வாசற்படியில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "அவள் இருக்கிறாளோ இல்லையோ பிள்ளை, என்னை இருத்திப்போட்டாள்."

இருபத்தொன்பதாவது

சந்தியில் தச்சு வேலை செய்யும் பாஸிடம் ஒரு சின்னக் கதிரை செய்யச் சொன்னேன். காலையில் சொன்னது பின்னேரம் வந்துவிட்டது. இத்தனை வருடமாக நான் "இல்லை" என்று சொன்ன இடம் ஒரு மனிதனின் அரைநாள் வேலை.

கடிதம் எழுதிய இருவரில் ஒருவர் மகனை நிறுத்தினார். அவன் வீட்டில் அழுது எட்டாம் நாள் திரும்பி வந்தான். அந்தத் தவணையில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நிரோஷா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு தடவை சாப்பாட்டுப் பெட்டிகளைக் கவிழ்த்தாள். ஆனால் ஒரு பாட்டு முடியும்வரை கதிரையில் இருந்தாள். பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போகும்போது சத்தத்தைத் தாமாகவே குறைத்தார்கள். செல்வராணி விறாந்தையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் இருந்தாள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு வந்திருக்காது.

தவணை முடிந்த அன்று அவளை அழைத்தேன். வருடம் முடியும்வரை இடம் உறுதி. பெரிய பள்ளிக்கூடத்துக்கு நானே கடிதம் எழுதித் தருவேன், எதையும் மறைக்காமல், என்றேன். கண் கலங்குவாள் என்று நினைத்து, என் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்தாள்.

"நல்லதுங்க டீச்சர்" என்றாள். பிறகு: "தெல்தெனியவுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க மகனும் இப்படித்தான். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன், கேற்றுக்கு வெளிய மட்டுந்தான்."

நினைத்துப் பார்த்தால், அந்தப் பள்ளிக்குப் பழக நிரோஷாவுக்கு ஏழெட்டு மாதம் போதுமாயிருந்தது; நிரோஷாவுக்குப் பழக அந்தப் பள்ளி இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது.